வாய்க்காலைத் தாண்டி நடந்தவர்

முப்பிடாதி அம்மன் கோயில் கொடைத் திருவிழாவின் முதல் நாள், விளக்கு வைக்கிற நேரத்தில், பனை உயரத்துக்குப் பல்புகளால் கட்டியிருந்த லைட் போர்டிலிருந்து ஒரு மனிதர் இறங்கி எங்கள் ஊருக்குள் நடந்து போனார். மூங்கில் சாரத்தில் ஒவ்வொரு குறுக்குக் கம்பாகப் பார்த்துக் கால் வைத்துத்தான் இறங்கினார், குதிக்கவில்லை. வந்தவர் நிதானமான ஆள் என்பது உடைமரக்குறிச்சிக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போர்டில் பனை உயரம் இருந்தவர், தரையில் கால் பட்டதும் வாசல் நிலைக்குக் கொஞ்சம் குனிந்தால் போதும் என்கிற உயரத்துக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டார். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டோம். உடம்பு முழுக்க மஞ்சள் வெளிச்சம், சதை என்று சொல்ல ஒரு சிட்டிகை கிடையாது, கையும் காலும் அகத்திக் குச்சி, எட்டு வைத்தால் மட்டும் ஒரு வண்டித் தூரம். மேளக்காரர்கள் அடித்த அடியை நிறுத்தவில்லை, பந்தலில் இருந்தவர்கள் எழுந்து ஓடவில்லை, பார்த்தவர்கள் முதலில் சொன்னது "யாரு பெத்த பிள்ளையோ, இப்படி மெலிஞ்சு கெடக்காவளே" என்பதுதான்.

அவரைச் செய்தவள் எங்கள் கீழத் தெரு முத்தரசி. கம்ப்யூட்டரில் சாமி வரைவது அவள் தொழில். முருகனோ மாரியோ, எந்தப் புள்ளியில் எந்த நிறம் எரிய வேண்டும், எப்போது வேல் மின்ன வேண்டும் என்று அவள் திரையில் குறித்துக் கொடுப்பாள். அவள் புருஷன் வண்டிமலை சாரம் கட்டி, வலை விரித்து, பல்பு பல்பாகப் பொருத்துவான். தென்காசியிலிருந்து திருச்செந்தூர் வரை எந்தக் கோயில் கொடையில் முருகன் எரிந்தாலும் அவர் முத்தரசி முருகன்தான். ஆனால் போர்டுக்குக் கீழே உபயதாரர் பேர் எரியும், சவுண்ட் சர்வீஸ்காரர் பேரும் போன் நம்பரும் எரியும், கொடை கமிட்டித் தலைவர் பேர் அணைந்து அணைந்து எரியும், முத்தரசி பேர் மட்டும் எங்கேயும் எரியாது. அவளுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. தன் பேர் எழுதின ஒரு சுவர் வேண்டும், ஒரே ஒரு சுவர், அதன் முன்னால் நாலு பேர் நின்று இதைச் செய்தது இன்னார் என்று வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

அப்படி இருக்கும்போதுதான் சென்னையில் ஒரு கலைக்கூடம், உலகத்தில் பேர்போன நவீனச் சிற்பங்களைக் கம்ப்யூட்டர் வழியாகப் புதிதாகச் செய்து காட்டுங்கள், தேர்வானால் ஒரு சுவர் தருகிறோம் என்று அறிவித்தது. முத்தரசி மூன்றை எடுத்துக்கொண்டாள். இறக்கை இல்லாத ஒரு பறவை. வயிற்றில் ஓட்டையோடு சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண். எலும்பும் தோலுமாக நடந்துகொண்டே இருக்கும் ஒரு மனிதர். மூன்றையும் புள்ளி பிசகாமல் வரைந்து அனுப்பினாள். கலைக்கூடத்துப் பொறுப்பாளர் சாருமதி போன் செய்தார். "ரொம்ப சுத்தமா இருக்குங்க. ஆனா அச்சு அசல் அப்படியே இருக்கே, இதுல நீங்க எங்க இருக்கீங்க? எரியும்போது நேர்ல பார்த்துட்டு முடிவு சொல்றேன்," என்றார். முத்தரசி காதில் அச்சு அசல் என்பது மட்டும் பாராட்டாக விழுந்தது, அடுத்த கேள்வி வெளியிலேயே நின்றுவிட்டது. ஒரு பல்பு இடம் மாறினாலும் சுவர் போய்விடும் என்று அவள் முடிவு செய்துகொண்டாள்.

போர்டு கட்ட இடமும் கரண்டும் கொடையில்தான் கிடைக்கும். கமிட்டித் தலைவர் பரமார்த்தலிங்கம் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டாள். பக்கத்து ஊர்க் கொடையில் போர்டு மயில் தோகை விரித்ததிலிருந்து அண்ணாச்சிக்குச் சரியான தூக்கம் இல்லை.

"இதெல்லாம் எந்த ஊரு செலைட்டி?"

"வெளிநாடு அண்ணாச்சி."

"அப்போ கட்டு. அவன் மயிலு என்ன, பழனிக்குள்ளதான சுத்தும்," என்றார் அண்ணாச்சி.

இனி கண் விஷயம். லைட் போர்டு தொழிலில் ஒரு முறை உண்டு. சாமி உடம்பு முழுக்க எரிந்தாலும் கண் இரண்டும் கடைசியில்தான் எரிய வேண்டும். அதற்குத் தனி ஒயர், தனி பேட்டரி, கம்பத்தில் தனி சுவிட்சு, தேங்காய் உடைத்து சூடம் காட்டித்தான் அதைப் போடுவார்கள். கண் திறக்காத போர்டு புகைந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. முத்தரசி வரைந்த மூன்றுக்கும் கண் கிடையாது, அசலில் இருந்தால்தானே வரைவாள்? வண்டிமலை சாரத்தின் மேலே நின்று யோசித்திருக்கிறான். பறவையில் எது தலை எது வால் என்று அவனுக்குப் பிடிபடவில்லை, விட்டுவிட்டான். படுத்திருந்தவள் தலை சுண்டைக்காய் அளவு, பல்பு வைக்க இடமில்லை, அவளையும் விட்டுவிட்டான். நடக்கிற மனிதருக்குத் தலை தலையாக இருந்தது. பழகின கை சும்மா இருக்குமா? இரண்டு பல்பைப் பொருத்தி, கீழே வந்து தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, சுவிட்சைப் போட்டான்.

"யாரு கண்ணு வச்சது?" என்று கம்ப்யூட்டரை விட்டு எழுந்து கத்தினாள் முத்தரசி.

"கண்ணு இல்லாத ஆளை எப்படிளா எரிய விட முடியும்?" என்றான் வண்டிமலை. அதற்குள் அந்த ஆள் பாதிச் சாரம் இறங்கிவிட்டார்.

இவ்வளவுதான் காரணம், இதற்கு மேல் யாரும் தோண்டவில்லை. வந்தவரிடம் எப்படி வந்தீர் என்று ஒருமுறை கேட்கலாம், மறுமுறை கேட்டால் எப்போது போவீர் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடும்.

அவர் வடக்குத் தெருவில் நடந்தார், கீழத் தெருவில் நடந்தார், ரேஷன் கடை முக்கில் திரும்பி வாய்க்கால் பக்கம் போனார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அம்மன் சப்பரம் வாய்க்கால் வரை வரும், அங்கே ஒரு தீபாராதனை ஆகும், திரும்பிவிடும். ஏன் என்று கேட்டால் அந்தப் பக்கம் ரோடு சரியில்லை என்பார்கள். ரோடு போட்ட பிறகும் அதையேதான் சொன்னார்கள். வந்தவருக்கு இந்த விவரம் எதுவும் தெரியாது. அவர் பிழைப்பே நடப்பது, எங்கே நிற்க வேண்டும் என்று அவரை முதலில் வெண்கலத்தில் வார்த்தவரும் சொல்லவில்லை, வரைந்தவளும் சொல்லவில்லை, ஆகவே வாய்க்காலை ஒரே எட்டில் தாண்டி முதல் வீட்டு வாசலில் போய்க் குனிந்தார்.

அது பேச்சித்தாய் வீடு. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வந்து, அப்போதுதான் சோற்றுப்பானையை இறக்கியிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள், வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, விலா எலும்பைத்தான் பார்த்தாள். "வாங்கய்யா, எங்கேருந்து நடந்து வாரியளோ," என்று தட்டில் சோற்றைப் போட்டுப் புளிக்குழம்பை ஊற்றி நீட்டினாள். வாய் எங்கே இருந்தது என்று கேட்காதீர்கள். கையில் வாங்கினார், நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார், சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் ஒரு பல்பாகி விலா எலும்பு இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டு எரிந்தது. பேச்சித்தாய் இன்னொரு அகப்பை போட்டாள்.

விடிவதற்குள் செய்தி வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. காலனியில் சாப்பிட்டார் என்று வடக்குத் தெருவில் ரெண்டு பேர் முகத்தைச் சுளித்தார்கள், அண்ணாச்சி கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். ஆனால் ஊர் போர்டிலிருந்து இறங்கினவர் ஊருக்குள் முதல் வாய்ச்சோற்றைக் காலனியில் வாங்கினார் என்றால் மற்ற தெருக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள் என்றுதானே அர்த்தம், பக்கத்து ஊர்க்காரன் காதுக்குப் போனால் மானம் மிஞ்சுமா? அவ்வளவுதான், அடுப்பு மூட்டாத வீடு இல்லை. வடக்குத் தெருவில் சொதியும் இஞ்சித் துவையலும், கீழத் தெருவில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், காலனியில் மறுபடியும் சோறும் அவித்த சீனிக்கிழங்கும். எல்லாரிடமும் வாங்கினார், எல்லா வாசலிலும் ஒரே அளவு குனிந்தார். டெய்லர் கடையில் அவருக்கு இடுப்பளவு எடுத்தார்கள், சாயங்காலம் வேட்டியோடு போனால் அளவு கூடியிருந்தது. கரண்டு போன நேரத்தில் அவர் நடக்கிற தெருவில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். டியூஷன் விட்டு வரும் பெண்கள் உடைமரக் காட்டுப் பாதையில் அவரை முன்னால் விட்டுப் பின்னால் பேசிக்கொண்டே வந்தார்கள். நாய்கள் முதல் நாள் குரைத்தன, மறுநாள் அவர் நிழலில்லாத காலடியில் படுத்துக்கொண்டன.

முத்தரசி மட்டும் தெருத் தெருவாக ஓடினாள். "சோறு போடாதீய, உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன், அவரு மெலிஞ்சுதான் இருக்கணும்!"

"நல்லா இருக்கே நாயம்," என்றாள் பேச்சித்தாய். "வந்த ஆளைப் பட்டினி போடச் சொல்லுதியாம்மா?"

முத்தரசி போனில் அசல் வெண்கலச் சிலையின் படத்தை எடுத்துக் காட்டினாள். பேச்சித்தாய் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"பாவம், அங்கயும் ஒருத்தரும் ஒரு வாய் சோறு குடுக்கல போல," என்றாள்.

முத்தரசி அவரிடமே போய் நின்றாள். ஐயா, மேலே ஏறுங்கள், என் சுவர் போய்விடும் என்றாள். அவர் நின்று அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார், வண்டிமலை வைத்த கண்ணால் அவளையே பார்த்தார், பிறகு நடந்தார். இரண்டு எட்டுக்கு ஒருமுறை அவள் பின்னால் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சாரம் கட்டிய நாளிலிருந்து அவள் ஒரு இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கவில்லை, அது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

கொடையின் மூன்றாம் நாள் சாயங்காலம் சாருமதி வாடகைக் காரில் வந்து இறங்கினார். பறவை எரிந்தது, பக்கத்தில் ஓட்டை வயிற்றுக்காரி எரிந்தாள், நடுவில் கறுப்பாக ஒரு வெற்றுச் சட்டம் நின்றது.

"நடக்கிறவர் எங்கங்க?"

"பந்தியில இருக்காரு," என்றான் வண்டிமலை.

கோயிலுக்குப் பின்னால் அன்னதானப் பந்தி. முதல் பந்தி வடக்குத் தெரு, அடுத்தது கீழத் தெரு, அதெல்லாம் முடிந்து இலை எடுத்துக் கூட்டின பிறகு காலனி. அதைக் கடைசிப் பந்தி என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, கடைசியில் நடக்கும், அவ்வளவுதான். முந்தின பந்தி இரண்டுக்கும் அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்தார்கள், அவர் நடந்துகொண்டே இருந்தார். காலனிக்கு இலை போட்டதும் பேச்சித்தாய்க்குப் பக்கத்தில், செய்த நாளிலிருந்து மடங்காத முழங்காலை மெதுவாக மடக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். தொடை தொடையாக இருந்தது, தோளில் சதை இருந்தது, வேட்டிக்கு மேலே சின்னதாக ஒரு தொந்தி கூட எரிந்தது.

சாருமதி பந்தி ஓரம் வரை போய் அவரைப் பார்த்தார். சாருமதி விவரம் தெரியாதவர் இல்லை. கேலி செய்யவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "முத்தரசி, பெரிய போருக்குப் பிறகு பண்ண சிலை இது. எல்லாத்தையும் இழந்தும் மனுஷன் நடக்கிறான், அதான் அதோட உயிரு. உக்கார்ந்துட்டா இது வேற யாரோ. திரும்ப அவரைப் போர்டுக்குக் கொண்டுவர முடியுமா?"

"கண்ணு சுவிட்ச அமத்தினா வந்துருவாரு," என்றான் வண்டிமலை. "தின்னது எல்லாம் உதிர்ந்துரும்னு நினைக்கேன்."

"அப்போ அமத்துங்க. பழையபடி நடக்கட்டும். பெரிய ஹால்ல நடுச் சுவர் உங்களுக்கு, உங்க பேர்ல. இப்பவே சொல்றேன்," என்றார் சாருமதி.

முத்தரசி கம்பத்துக்குப் போனாள், சுவிட்சில் கை வைத்தாள். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியோடு நின்றார்கள். பேச்சித்தாய் இலையை விட்டு எழாமல் சொன்னாள்: "பந்தியில இருந்தவரை எழுப்பக் கூடாதும்மா, அது ஊருக்கு ஆகாது. ஆனா அவரைப் பெத்தவ நீ. நீ என்ன செஞ்சாலும் நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

முத்தரசி அவரைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார், தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி, பக்கத்துத் தரையை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டினார். அப்போது அவளுக்குப் பசித்தது. அப்படி ஒரு பசி, சாரம் கட்டிய நாளிலிருந்து உள்ள பசி எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் பசித்தது. பசியோடு பசியாக, இதுல நீங்க எங்க இருக்கீங்க என்று போனில் கேட்ட கேள்வி, இத்தனை நாள் வெளியிலேயே நின்ற கேள்வி, உள்ளே வந்தது. அவள் சுவிட்சிலிருந்து கையை எடுத்தாள், நேரே போய் அவர் தட்டின இடத்தில் உட்கார்ந்தாள், அவளுக்கு ஒரு இலை விழுந்தது.

அங்கே உட்கார்ந்தபடியே சத்தமாகச் சொன்னாள். "மேடம், நடக்கிறவரு வேணும்னா வெண்கலத்துல இருக்காரு, அவரு அங்கயே நடக்கட்டும், நல்லா நடக்கட்டும். நான் செஞ்சது அவரை இல்ல. அவரு அத்தனை நாளும் நடந்தது எங்கயோ போய்ச் சேரத்தான? இங்கன வந்து சேர்ந்துட்டாரு. சேர்ந்தவரை நான் எழுப்ப மாட்டேன். எடுத்தா இவரை எடுங்க, இல்லைன்னா சுவரு உங்களோடயே இருக்கட்டும்."

அவள் குரல் எங்களுக்குப் புதிதில்லை. கொடை முழுக்க அந்தக் குரலை மைக்கில் கேட்டிருக்கிறோம், ஒரு பல்பு எரியவில்லை என்றால் கத்துகிற குரல்தான், ஆனால் அன்றைக்கு அது அவளுடைய ஆளுக்காகப் பேசியது.

சாருமதி கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்து, உட்கார்ந்திருந்தவரையும் முத்தரசியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்க நின்னுக்கிட்டிருந்தா எங்களுக்குத் தொண்டைக்குள்ள எறங்காதும்மா," என்றாள் பேச்சித்தாய். "உக்காந்து யோசிங்க."

சாருமதி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்த அண்ணாச்சிக்கு இருப்புக் கொள்ளவில்லை. வடக்குத் தெருப் பந்தியில் முதல் ஆளாகச் சாப்பிட்டவர், இன்னும் ஏப்பம் அடங்கவில்லை; ஆனால் ஊருக்கு வந்த விருந்தாளிகள் இலையில் இருக்கும்போது கமிட்டித் தலைவர் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? "மறுபடியும் பசிக்க மாதிரி இருக்குடே," என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்து காலனிப் பந்தியில் உட்கார்ந்தார். அவருக்குப் பசிக்க ஆரம்பித்ததும் வடக்குத் தெருவில் இன்னும் பலருக்குப் பசித்தது, இலை பற்றாமல் வாழைத் தோப்புக்கு ஆள் ஓடியது. மறுநாள் மஞ்சள் நீராட்டில் வந்தவர் தலையிலும் ஊற்றினார்கள், ஒரு பல்பு கூட அணையவில்லை. சப்பரமும் வாய்க்காலைத் தாண்டியது. முன்னால் அவர் நடந்தார், பின்னால் சப்பரம் போனது, ரோடு நன்றாகத்தான் இருந்தது.

சாருமதி இரண்டு நாள் தங்கிவிட்டுத்தான் போனார். போகும்போது சுவர் முத்தரசிக்கே என்று சொல்லி, வந்தவரையும் கூட்டிக்கொண்டு போனார். லாரியில் ஏறி உட்கார்ந்த அவரிடம் நாங்கள் போயிட்டு வாங்க என்றோம், அவர் எல்லாத் தெருக்காரர்களையும் பார்த்து ஒரே அளவு குனிந்தார்.

சுவரில் வைக்கிற பேர்ப்பலகையை எழுதுவதில் சண்டை வந்தது. கோயில் டியூப்லைட்டில் எழுதுகிற மாதிரி உபயம் போட வேண்டும் என்று ஊர் சொன்னது. வடக்குத் தெரு தன் பேர் முதலில் வர வேண்டும் என்றது, முதல் சோறு யாருடையது என்று காலனி கேட்டது. முத்தரசி யார் பக்கமும் பேசாமல் ஒரு வரி எழுதி அனுப்பினாள், சாருமதி தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்.

கண்காட்சி திறந்த வாரம் வேன் பிடித்து எல்லாரும் போனோம். பெரிய ஹால், நடுச் சுவர், அதன் கீழே அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் ஓர் ஆள் உட்காரத் தரையில் இடம் விட்டிருந்தது. வாசலில் காவலாளி பேச்சித்தாயின் தூக்குச்சட்டியைப் பிடித்துக்கொண்டார். "உள்ள சாப்பாடு கொண்டுபோகக் கூடாதும்மா, சட்டம்," என்றார். பேச்சித்தாய் விடவில்லை, அவரும் விடவில்லை. சத்தம் கேட்டு வந்த சாருமதி காவலாளியின் தோளைத் தொட்டு, சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்.

"அது சாப்பாடு இல்லைங்க, இந்தப் படைப்பைச் செஞ்ச பொருள்ல ஒண்ணு. படிச்சுப் பாருங்க."

காவலாளி கிட்டே போய் வாய்விட்டுப் படித்தார். ஹாலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிக் கேட்டார்கள், முத்தரசி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"வந்து சேர்ந்தவர். செய்தவர், முத்தரசி. பிக்சல் பல்பு, கம்பி, சோறு. உபயம், உடைமரக்குறிச்சி எல்லாத் தெருவும்."

படித்து முடித்தவர் தூக்குச்சட்டியை விட்டார்.